பழனி வரை சமம், ஒட்டன்சத்திரத்தில் வேறு

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் 234. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கும்மிடிப்பூண்டி 1, கிள்ளியூர் 234. கொங்குப் பகுதியின் பெரும்பாலான தொகுதிகள் இந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ராசிபுரம் 92, திருச்செங்கோடு 96, ஈரோடு கிழக்கு 98, பெருந்துறை 103, கோபிசெட்டிபாளையம் 106, மேட்டுப்பாளையம் 111, கோவை தெற்கு 120, பொள்ளாச்சி 123, மடத்துக்குளம் 126. அதற்கடுத்து பழனி 127, ஒட்டன்சத்திரம் 128.

ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். அதனிடம் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றில் தொகுதி எண்ணும் வாக்காளர் எண்ணிக்கையும், மற்றொன்றில் தொகுதி எண்ணும் வாக்குச்சாவடிகளும். இரண்டு பட்டியல்களிலும் தொகுதி எண் ‘இன்டீஜர்’ என்னும் பொருளாகச் சேமிக்கப்பட்டுள்ளது. இந்த வரியும் அந்த வரியும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவைதானா என்று == குறியைக் கொண்டு நிரல் சோதிக்கிறது. இயல்பான அமைப்பில் ஓடும் கணினியில் 1 முதல் 127 வரை விடை ‘ஆம்’. 128 முதல் 234 வரை ‘இல்லை’. பழனியும் பழனியும் ஒன்று. ஒட்டன்சத்திரமும் ஒட்டன்சத்திரமும் வேறு.

நிரலில் எழுத்துப்பிழை இல்லை. கம்பைலர் அதைத் தடுப்பதில்லை. ஓடும்போது நிரல் நின்றுபோவதும் இல்லை. 107 தொகுதிகளுக்குத் தவறான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. கோவையில் உட்கார்ந்து அதைச் சோதித்துப் பார்ப்பவர் தமக்குத் தெரிந்த சிங்காநல்லூர், சூலூர், பல்லடம், அவிநாசி ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வரும். கொங்கின் இன்னொரு முனையான கரூரைக் கொடுத்தால்தான் பிழை வெளிப்படும். அதன் எண் 135.

ஒரே குறி, இரண்டு கேள்விகள்

1996இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவா, பொருள்நோக்கு மொழி. ஆனாலும் அதிலுள்ள எல்லாமே பொருள்கள் அல்ல. முழு எண்ணை வைத்துக்கொள்ள அதில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது ‘இன்ட்’. இது வெறும் எண். நினைவகத்தில் 4 பைட் இடத்தில் எண்ணின் மதிப்பு நேரடியாக இருக்கும். இரண்டாவது ‘இன்டீஜர்’. இது ஒரு பொருள். மாறியில் இருப்பது எண் அன்று. எண்ணைத் தாங்கிய பொருள் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற சுட்டு. வழக்கமான 64 பிட் ஜாவா இயந்திரத்தில் அந்தப் பொருள் 16 பைட் பிடிக்கிறது.

இரண்டு ‘இன்ட்’களுக்கு நடுவே == போட்டால் ‘இரண்டின் மதிப்பும் சமமா?’ என்பது கேள்வி. இரண்டு ‘இன்டீஜர்’களுக்கு நடுவே அதே குறியைப் போட்டால் ‘இரண்டும் ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றனவா?’ என்று கேள்வி மாறிவிடுகிறது. சட்டைப்பையில் இருக்கும் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களின் மதிப்பு சமம். ஆனால் அவை ஒரே தாள் அல்ல, வரிசை எண்களே வேறு. பொருளாக வைக்கப்பட்ட எண்களின் மதிப்பைக் கேட்பதற்கு ஜாவா தனியாக ஒரு செயற்கூறு வைத்திருக்கிறது. அதன் பெயர் ‘ஈக்வல்ஸ்’.

இவ்வளவு கேட்டதும் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. == குறி சுட்டைத்தான் ஒப்பிடுகிறது என்றால் 127 வரை மட்டும் எப்படிச் சரியாக வருகிறது?

எல்லை எங்கிருந்து வந்தது

2004 செப்டம்பரில் வந்த ஜாவா 5இல் இதற்கான விடை இருக்கிறது. அதற்கு முன்பு வெறும் எண்ணைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால் நிரலரே அதைப் பொருளாக மாற்றித் தர வேண்டும். ஜாவாவின் பட்டியல்களும் அகராதிகளும் பொருள்களை மட்டுமே ஏற்பவை. ஜாவா 5 அந்த மாற்றத்தைக் கம்பைலரிடமே ஒப்படைத்தது. இதற்குப் பெயர் ஆட்டோபாக்ஸிங், அதாவது எண்ணைத் தானாகவே பொருள் என்னும் பெட்டியில் இடுவது. நிரலர் 120 என்று எழுதினால் போதும், தேவைப்படும் இடத்தில் அது தானாகவே ‘இன்டீஜர்’ பொருளாகிவிடும்.

எழுதுவது எளிதாயிற்று, பொருள்களின் எண்ணிக்கை பெருகியது. ஒவ்வொரு முறையும் 1, 2, 10 போன்ற எண்களுக்குப் புதுப்புதுப் பொருள் உருவாக்கினால் நினைவகம் வீணாகும். அதனால் -128 முதல் 127 வரையுள்ள 256 எண்களுக்கும் பொருள்களை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அவற்றையே தருவது என்று முடிவாயிற்று. ஒரு பைட்டில் அடங்கும் எண்களின் எல்லையும் இதுவே. ஆகவே பழனிக்கு இரண்டு பட்டியல்களிலும் கிடைத்தது ஒரே பொருள். ஒட்டன்சத்திரத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிய பொருள்.

எல்லா எண்களையும் இப்படி முன்கூட்டியே செய்து வைத்தால் என்ன? ‘இன்ட்’ வகையில் அடங்கும் எண்கள் 429 கோடிக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் 16 பைட் என்றால் 64 ஜிபி நினைவகம் எண்களுக்கே போய்விடும். எந்த எண்ணைப் பெட்டியில் போட்டாலும் ஒரே பொருளே கிடைப்பதுதான் விரும்பத்தக்கது, ஆனால் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஜாவாவின் மொழி விவரக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. 127 ஒரு சமரசம்.

இந்தச் சமரசத்தின் மேல்எல்லை அசையக்கூடியது. ஜாவா இயந்திரத்தைத் தொடங்கும்போது ஓர் அமைப்பை மாற்றினால் 127ஐ 1000 ஆக்கலாம். அப்படி மாற்றிய சர்வரில் 234 தொகுதிகளும் சரியாக வரும். மாற்றாத சர்வரில் 107 தொகுதிகள் தவறும். நிரல் ஒன்றே, எழுதியவருக்குத் தெரியாத ஓர் அமைப்பு விடையைத் தீர்மானிக்கிறது. ஒரு நிரல் சரியா தவறா என்பதை வெளியிலிருக்கும் ஒரு வசதிக்கான ஏற்பாடு முடிவுசெய்கிறது என்றால், நிரலர் கேட்ட கேள்வியே தவறானது என்றுதான் பொருள்.

வகுப்பறையில் தெரியாத பிழை

கோவை பொறியியல் கல்விக்குப் பெயர்பெற்ற ஊர். அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945இலும் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி 1956இலும் தொடங்கப்பட்டவை. பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி 1984இல் வந்தது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பொருள்நோக்கு நிரலாக்கத்தை ஜாவாவின் வழியாகவே கற்பிக்கிறார்கள். விளாங்குறிச்சி டைடல் பூங்காவுக்கும் சரவணம்பட்டி அலுவலகங்களுக்கும் போகும் இளைஞர்களில் பலர் அங்கே எழுதப்போகும் மொழிகளில் ஒன்றும் இதுவே.

ஆய்வக வகுப்பில் மாணவர் எழுதும் நிரல்களில் வரும் எண்கள் எவை? வரிசை எண், வயது, பாட மதிப்பெண், வருகைச் சதவீதம். வரிசை எண் 60ஐத் தாண்டுவது அரிது. மதிப்பெண்ணும் சதவீதமும் 100இல் முடிந்துவிடும். அத்தனையும் 127க்குள். மாணவர் == போட்டுப் பழகுகிறார், ஒவ்வொரு முறையும் சரியாக வருகிறது, பழக்கம் உறுதிப்படுகிறது.

அதே மாணவர் ‘இன்டீஜர்’ பொருளாக வைத்த மொத்த மதிப்பெண்ணை ஒப்பிடும்போது நிலைமை மாறுகிறது. பிளஸ் டூ மொத்தம் 600. இரண்டு பேர் கணக்கில் 92 பெற்றிருந்தால் நிரல் ‘சமம்’ என்கிறது. இருவரும் மொத்தத்தில் 545 பெற்றிருந்தால் ‘சமமில்லை’ என்கிறது. ‘மொத்தம் சமமானால் கணக்கு மதிப்பெண்ணைப் பார்’ என்று ஒரு தரவரிசை விதி இருந்தால் அந்த விதிக்குள் நிரல் நுழையவே நுழையாது. வரிசை வெளியாகும், பார்வைக்குக் குறை தெரியாது, சமநிலையில் இருந்த இருவரில் யார் முன்னே வந்தார் என்பது விதிப்படி நடக்காமல் தற்செயலாக நடந்திருக்கும்.

வண்டி எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். வட்டாரப் போக்குவரத்து அலுவலக எண்கள் இரண்டு இலக்கத்தில் அடங்குபவை: கோவை தெற்கு 37, கோவை வடக்கு 38, திருப்பூர் வடக்கு 39, பொள்ளாச்சி 41, ஈரோடு கிழக்கு 33. இவற்றை எப்படி ஒப்பிட்டாலும் == பிழைக்காது. அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம்: கோவை 641001, திருப்பூர் 641601, பொள்ளாச்சி 642001, ஈரோடு 638001. தனித்தனியே பெட்டியிலிட்ட இவற்றில் ஒன்றுகூட == சோதனையில் தேறாது. வாகனப் பதிவு நிரலில் ஆண்டுக்கணக்கில் ஓடிய ஒரு செயற்கூறை எடுத்துப் பார்சல் சேவை நிரலில் பொருத்தினால், முதல் நாளே எந்தப் பார்சலும் எந்த ஊரோடும் பொருந்தாமல் நிற்கும்.

தொலைபேசிக் குறியீட்டில் வேறொரு பொறி இருக்கிறது. கோவையின் எஸ்டிடி குறியீடு 0422. இதை அப்படியே ஜாவா நிரலில் எண்ணாக எழுதினால், முன்னால் நிற்கும் சுழியத்தைக் கண்டு கம்பைலர் அதை எட்டை அடியாகக் கொண்ட எண்ம முறையில் படிக்கும். மதிப்பு 274 ஆகிவிடும். பயனர் தட்டச்சு செய்த 0422 என்ற எழுத்துத் தொடரை எண்ணாக மாற்றினால் 422 வரும். இரண்டையும் எந்தச் செயற்கூறு கொண்டு ஒப்பிட்டாலும் சமமாகாது. பொள்ளாச்சியின் 04259ஐ எழுதினால் கம்பைல் ஆகவே ஆகாது, எண்ம முறையில் 9 என்ற இலக்கம் இல்லை. அஞ்சல் குறியீடும் தொலைபேசிக் குறியீடும் கூட்டவோ கழிக்கவோ பயன்படும் எண்கள் அல்ல. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள். அவற்றை எழுத்துத் தொடராகவே வைத்து ‘ஈக்வல்ஸ்’ கொண்டு ஒப்பிடுவதே முறை.

பெரிதுமில்லை, சிறிதுமில்லை, சமமுமில்லை

‘இன்டீஜர்’ பொருள்களுக்கு நடுவே < அல்லது > குறியைப் போட்டால் ஜாவா பொருளுக்குள்ளிருக்கும் எண்ணை எடுத்துத்தான் ஒப்பிடும். பொருள்களின் இருப்பிடத்தில் பெரிது சிறிது என்று எதுவும் கிடையாது. ஆகவே மொழிக்கு வேறு வழியில்லை. == குறிக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. விளைவாக, ஒட்டன்சத்திரத்தின் இரண்டு 128களில் முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதில்லை, சிறிதுமில்லை, சமமுமில்லை என்று மூன்று விடைகள் ஒரே நேரத்தில் வரும். எண் கணிதத்தில் நடக்கவே முடியாத ஒன்று, மூன்று வரி நிரலில் நடந்துவிடுகிறது.

ஜாவாவின் பட்டியல் வசதிகளை வடிவமைத்தவரான ஜோஷுவா பிளாக், இதை வைத்து எழுதப்படும் பிழையான வரிசைப்படுத்தும் செயற்கூறு ஒன்றைத் தம் ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். ‘முதல் எண் சிறிதானால் -1, இல்லாவிட்டால், இரண்டும் சமமானால் 0, அதுவும் இல்லாவிட்டால் 1’ என்று எழுதப்பட்ட செயற்கூறு அது. படிப்பவர் எவருக்கும் குறை தெரியாது. சமம் என்ற சோதனை == கொண்டு செய்யப்படுவதால் 128ஐயும் 128ஐயும் கொடுத்தால் 1 திரும்பும். அதாவது முதலாவது பெரியது.

இத்தகைய செயற்கூறை நம்பி மர வடிவிலான அகராதி ஒன்றைக் கட்டினால் நேர்வது இதுதான். பழனியின் விவரத்தை இரண்டாம் முறை சேர்த்தால் பழையதன் இடத்தில் புதியது அமரும். ஒட்டன்சத்திரத்தின் விவரத்தை இரண்டாம் முறை சேர்த்தால் தனியாக இன்னொரு பதிவு உருவாகும். பிறகு புதிய 128 ஒன்றைக் கொண்டு தேடினால் இரண்டில் எதுவும் அகப்படாது.

இதற்கு மாறாக, பலரும் பயன்படுத்தும் ‘ஹேஷ்மேப்’ அகராதி ‘ஈக்வல்ஸ்’ கொண்டே தேடுவதால் அங்கே 128 ஒழுங்காகக் கிடைக்கும். இது நல்ல செய்தி என்று தோன்றலாம். நடைமுறையில் பிழையைக் கண்டுபிடிப்பதை இது இன்னும் கடினமாக்குகிறது. தேடல் சரி, வரிசைப்படுத்தல் பெரும்பாலும் சரி, சமச் சோதனை மட்டும் தவறு என்றால், நிரலர் கடைசியாகச் சந்தேகப்படும் இடம் அந்த == குறியாகத்தான் இருக்கும்.

மதிப்பு இன்னும் வராத பெட்டியும் கவனிக்க வேண்டியது. ‘இன்டீஜர்’ மாறியில் எந்தப் பொருளும் இல்லாமல் இருக்கலாம். அதன் பெயர் ‘நல்’. வாக்கு எண்ணிக்கை வராத தொகுதி ‘நல்’, வாக்கே விழாத சாவடி 0. இந்த வேறுபாட்டைக் காட்ட முடிவதுதான் பெட்டியின் பயன். ‘நல்’ இருக்கும் பெட்டியை வெறும் 0 உடன் ஒப்பிட்டால் ஜாவா பெட்டியைத் திறக்க முயலும், உள்ளே ஒன்றும் இல்லாததால் நிரல் அங்கேயே முறிந்து விழும். இரண்டு பக்கமும் ‘நல்’ இருந்தாலும் அமைதியாக ஒப்பிட்டுச் சொல்லும் ‘ஆப்ஜெக்ட்ஸ்’ வகுப்பின் ‘ஈக்வல்ஸ்’ 2011இல் ஜாவா 7 உடன் வந்தது.

கழித்துப் பார்ப்பதன் ஆபத்து

பெரிது சிறிது பார்க்க நிரலர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட குறுக்குவழி கழித்தல். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழி. விடை குறையெண் என்றால் முதலாவது சிறிது, சுழியம் என்றால் சமம், மிகையெண் என்றால் பெரிது. பள்ளிக் கணக்கின்படி இதில் குற்றமே இல்லை. கணினியின் எண்ணுக்கு எல்லை உண்டு என்பதுதான் சிக்கல். ‘இன்ட்’ தாங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்கைப் பைசாவில் வைத்திருப்பதாகக் கொள்வோம். வரவேண்டிய தொகை 1.5 கோடி ரூபாய், அதாவது 150 கோடி பைசா. கொடுக்க வேண்டிய தொகை 1 கோடி ரூபாய். அது குறையெண்ணாக, -100 கோடி பைசா. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 250 கோடி வர வேண்டும். எல்லையைத் தாண்டிவிட்டதால் ‘இன்ட்’ சுற்றிக்கொண்டு -179,49,67,296 என்று காட்டும். விடை குறையெண். ஆகவே 1.5 கோடி வரவு, 1 கோடிக் கடனைவிடச் சிறியது என்று நிரல் முடிவுகட்டும். பெரியது மேலே நிற்க வேண்டிய பட்டியலில் வரவு கீழேயும் கடன் மேலேயும் போகும்.

இதற்கான மாற்று, ஜாவா 7இல் ‘இன்டீஜர்’ வகுப்புக்குள் சேர்க்கப்பட்ட ‘கம்பேர்’ என்ற செயற்கூறு. அது கழிப்பதில்லை, சிறிதா, சமமா, பெரிதா என்று நேராகப் பார்க்கிறது. அதே பதிப்பில் ஜாவாவின் வரிசைப்படுத்தும் முறையும் மாறியது. டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட் முறை ஜாவாவுக்கும் வந்தது. ஒப்பிடும் செயற்கூறு முன்னுக்குப் பின் முரணாக விடை சொல்வதை ஓடும்போது உணர நேர்ந்தால் அது பிழை எழுப்பி நிற்கும். எல்லா முரண்களையும் அது பிடித்துவிடாது. ஆனாலும் அதுவரை பேசாமல் ஓடிக்கொண்டிருந்த சில நிரல்கள் ஜாவா 7க்கு மாறிய பிறகு திடீரென முறிந்ததற்கு இதுவே காரணம்.

பணத்தைப் பொறுத்தவரை இன்னொரு எளிய உண்மையும் உண்டு. பைசாக் கணக்கை ‘இன்ட்’இல் வைத்தால் 2 கோடியே 14 லட்சம் ரூபாயைத் தாண்டியதும் எண்ணே உடைந்துவிடும். 8 பைட் கொண்ட ‘லாங்’ வகையே அங்கே ஏற்றது. ஆனால் ‘லாங்’குக்கும் ‘இன்டீஜர்’க்கும் நடுவே ‘ஈக்வல்ஸ்’ போட்டால் இரண்டிலும் 128 இருந்தாலும் விடை ‘இல்லை’தான். மதிப்பைப் பார்ப்பதற்கு முன்பு வகை ஒன்றா என்று அது பார்க்கிறது. ‘லாங்’ சாவிகள் கொண்ட அகராதியில் ‘இன்ட்’ எண்ணைக் கொடுத்துத் தேடினால் வெறுங்கைதான் மிஞ்சும்; கம்பைலர் இதற்கும் வாய் திறக்காது.

மற்ற மொழிகள் என்ன செய்தன

இந்தச் சிக்கல் ஜாவாவுக்கு மட்டும் உரியதில்லை. பொருள்நோக்கு மொழி எதுவானாலும், எண்ணைப் பொருளாக வைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பிறந்த ஸ்மால்டாக் மொழியில் எண்களும் பொருள்களே. சிறிய முழு எண்களின் மதிப்பைச் சுட்டுக்குள்ளேயே பதித்துவைப்பது அதன் வழி. மதிப்பு சமமானால் சுட்டும் சமம் என்பதால் சிறிய எண்களில் குழப்பம் எழுவதில்லை. ரூபி மொழியின் வழியும் இதுவே.

பைத்தான் இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு குறிகளைத் தந்தது. == மதிப்பைக் கேட்கும்; ‘இஸ்’ ஒரே பொருளா என்று கேட்கும். அதன் வழக்கமான வடிவத்திலும் ஒரு சேமிப்பு உண்டு, நெடுங்காலமாக -5 முதல் 256 வரை. தவறிப்போய் ‘இஸ்’ கொண்டு தொகுதி எண்களை ஒப்பிட்டால் 234 தொகுதிகளும் சரியாக வரும். அஞ்சல் குறியீட்டில்தான் குட்டு வெளிப்படும். தமிழ்நாட்டில் 2019 முதல் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக இருக்கிறது. இந்த இரண்டு குறிகளின் வேறுபாட்டைப் பள்ளியிலேயே மூன்று இலக்க, ஆறு இலக்க எண்களைக் கொண்டு செய்துகாட்டினால், கல்லூரியில் ஜாவாவைத் தொடும்போது மாணவர்களுக்கு அது புதிராக இருக்காது.

ஜாவாவின் பட்டறிவிலிருந்து கற்ற காட்லின் மொழி == குறிக்கு மதிப்பு ஒப்பீடு என்ற பொருளையே கொடுத்தது. ஒரே பொருளா என்று கேட்க மூன்று சமக்குறிகள் போட வேண்டும். 2017இல் ஆண்ட்ராய்டுக்கு அதிகாரபூர்வ ஆதரவு பெற்ற இந்த மொழியில் எழுதுபவர்கள், அடிக்கடி தேவைப்படும் கேள்வியை எளிய குறியாலும் அரிதாகத் தேவைப்படும் கேள்வியை நீண்ட குறியாலும் கேட்கிறார்கள்.

நாற்பதாம் நம்பர் நூல்

மதிப்பு சமமா என்று சரியாகக் கேட்டுவிட்டால் வேலை முடிந்ததா? 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது முதல் நூற்பாலைகளோடு வாழ்ந்துவரும் கோவையில் இதற்குக் கைமேல் விடை இருக்கிறது.

ஆலைகளில் நூலின் தடிமனைச் சொல்ல ஓர் எண் உண்டு. கவுண்ட் என்றும் நம்பர் என்றும் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றன என்பதே அந்த எண். 20 சிட்டங்கள் கிடைத்தால் இருபதாம் நம்பர், 40 கிடைத்தால் நாற்பதாம் நம்பர். எண் கூடக்கூட நூல் மெலியும். டெக்ஸ் என்னும் மெட்ரிக் அளவில் இது தலைகீழ்: 1000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது டெக்ஸ், எண் கூடினால் நூல் தடிக்கும். 590.5ஐக் கவுண்டால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். நாற்பதாம் நம்பர் ஏறக்குறைய 14.8 டெக்ஸ், இருபதாம் நம்பர் ஏறக்குறைய 29.5 டெக்ஸ்.

ஒரு கிடங்கு நிரலில் இரண்டு பதிவுகளில் 20 என்ற எண் இருக்கிறது. ஒன்று கவுண்ட், மற்றொன்று டெக்ஸ். ‘ஈக்வல்ஸ்’ இரண்டும் சமம் என்று நேர்மையாகச் சொல்லும். நூல் சமமில்லை. தடிமன் வாரியாக அடுக்கச் சொன்னால் எந்த எண் ‘பெரியது’ என்பது அலகைப் பொறுத்துப் புரண்டுவிடும். 40 என்ற எண்ணுக்குத் தான் கவுண்டா டெக்ஸா என்று தெரியாது. தெரிய வேண்டியது அதைத் தாங்கும் பொருளுக்கு. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் உண்மையான வலிமை இங்கேதான் தொடங்குகிறது: ‘நூல்’ என்று ஒரு வகுப்பு எழுதி, எண்ணையும் அலகையும் அதற்குள் வைத்து, எது சமம், எது முந்தி என்பதை அந்த வகுப்பே சொல்லும்படி செய்யலாம்.

அதைச் செய்யும்போது தொழிலை அறிந்தவரின் உதவி இல்லாமல் நடக்காது. இரண்டு நாற்பதாம் நம்பர் இழைகளைச் சேர்த்து முறுக்கினால் அது 2/40. அதன் மொத்தத் தடிமன் ஏறக்குறைய இருபதாம் நம்பருக்குச் சமம். அடுக்கும்போது இரண்டும் ஒரே இடத்தில் நிற்கலாம். ஆனால் ஒற்றை இழை இருபதும் 2/40உம் ஒரே நூலென்று நெசவாளர் யாரும் சொல்லமாட்டார். ‘வரிசையில் ஒரே இடம்’ என்பதும் ‘சமம்’ என்பதும் ஜாவாவில் இரண்டு தனிச் செயற்கூறுகள். இரண்டும் முரண்பட்டால் மர வடிவத் தொகுப்பு 2/40ஐ ஏற்கெனவே இருக்கும் நூலென்று கருதிச் சேர்க்காமல் விட்டுவிடும். தசம எண்களுக்கான ஜாவா வகுப்பிலேயே இந்த முரண் உண்டு: 2.0உம் 2.00உம் வரிசையில் சமம், ‘ஈக்வல்ஸ்’ கணக்கில் வேறு.

‘ஒரு நம்பர் முன்னே பின்னே இருந்தால் சமமாக எடுத்துக்கொள்’ என்று எழுதத் தோன்றும். ஆலைத் தளத்தில் அது நியாயமான பேச்சு. ‘ஈக்வல்ஸ்’ அதை ஏற்காது. 39உம் 40உம் சமம், 40உம் 41உம் சமம் என்றால் 39உம் 41உம் சமமாக வேண்டும் என்பது அதன் உடன்படிக்கை. ஆனால் அவற்றுக்கிடையே இரண்டு நம்பர் வேறுபாடு. இந்தச் சலுகைக்கு ‘ஏற்கத்தக்கதா’ என்று வேறு பெயரில் தனிச் செயற்கூறு எழுத வேண்டும். சமம் என்ற பெயரைத் தளர்த்தினால் அதை நம்பியிருக்கும் ஒவ்வோர் அகராதியும் பட்டியலும் குலையும்.

வரவிருக்கும் மாற்றமும் இப்போதைய வேலையும்

ஜாவாவின் வடிவமைப்பாளர்கள் 127க்கும் 128க்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டை அழிக்க முயன்றுவருகிறார்கள். 2014இல் தொடங்கிய வல்ஹாலா திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, தனி அடையாளம் இல்லாத, மதிப்பு மட்டுமே உள்ள பொருள்களை மொழிக்குள் கொண்டுவருவது. ‘இன்டீஜர்’ அப்படிப்பட்ட பொருளாகிவிட்டால் == அதன் உள்ளிருக்கும் எண்ணையே ஒப்பிடும்; 127க்கும் 128க்கும் வேறுபாடு இராது. இதற்கான முன்னேற்பாடுகள் நடந்திருக்கின்றன. நேரடியாகப் புதிய ‘இன்டீஜர்’ பொருள் செய்யும் பழைய வழியை 2017இல் ஜாவா 9 கைவிடச் சொன்னது. 2021இல் ஜாவா 16 அதை நீக்கப்போவதாகவே அறிவித்தது.

அந்த மாற்றம் முழுமையாக வந்தாலும் ‘நல்’ பெட்டியைத் திறந்தால் நிரல் முறியத்தான் செய்யும். ‘லாங்’உம் ‘இன்டீஜர்’உம் வேறு வகைகளாகவே இருக்கும். கழித்தல் எல்லை தாண்டும். கவுண்டும் டெக்ஸும் தாமாகப் பிரிந்து நிற்கா. பழைய ஜாவா பதிப்புகளில் ஓடும் நிரல்களும் பல ஆண்டுகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே இப்போதே செய்யக்கூடியவை முக்கியம். பெட்டி தேவையில்லாத இடத்தில் ‘இன்ட்’ போதும். பெட்டியில் இருப்பதை ‘ஈக்வல்ஸ்’ கொண்டும், வரிசைக்கு ‘கம்பேர்’ கொண்டும் ஒப்பிட வேண்டும். ஸ்பாட்பக்ஸ், எரர் புரோன் போன்ற இலவசக் கருவிகள் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் == குறியைத் தேடிப் பிடித்துக் காட்டும்; அவற்றைக் கல்லூரி ஆய்வகத்தின் முதல் வாரத்திலேயே நிறுவிவிடலாம். ஆய்வகப் பயிற்சிகளில் 100க்குள் அடங்கும் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் 127, 128, குறையெண்கள், மதிப்பில்லாப் பெட்டி, 214 கோடியை ஒட்டிய எண்கள் ஆகிய ஐந்தையும் ஒவ்வோர் ஒப்பீட்டு நிரலுக்கும் கட்டாய உள்ளீடாக வைக்கலாம். கூடவே ஆலைக் கவுண்ட் போல அந்த ஊரின் தொழிலிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, அதற்கு எது சமம், எது முந்தி என்று விதி எழுதும் பயிற்சியையும் மாணவரிடம் கொடுக்கலாம். கோவையில் அதற்கான விவரங்களைக் கேட்டு வாங்க 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. ஈரோட்டிலும் திருப்பூரிலும் நூல் வாங்கி விற்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.